நாலு நிமிட தக்ஸீம், ஒரு மாதம் போதுமா?

அக்டோபர் 6

கேள்வி வந்தது வந்தபடி: “பன்னிரண்டு வருடம் வீணை படித்தவன் நான். ஊத் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு தக்ஸீம் பதிவை வைத்துக்கொண்டு, காதால் கேட்டே முழுசாக எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மொத்தமே நாலு நிமிடம். தாளம் கிடையாது, சாகித்யம் கிடையாது, நம் ஆலாபனை மாதிரிதானே. ஒரு மாதம் போதும் என்கிறேன், நண்பர்கள் சிரிக்கிறார்கள். யார் சரி?”

நண்பர்கள்தான் சரி. ஆனால் நானும் இதே வாயால் இதையே சொன்னவன் என்பதால் சிரிக்க மாட்டேன். அம்மா கும்பகோணத்தில் வீணை டீச்சர், எனக்கு ஏழு வயதில் சரளி வரிசை ஆரம்பம். இப்போது பதினாறு வருடமாக ஷார்ஜாவில் கிடங்கு வேலை. ஊத் கையில் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, இதுவரை எழுதி வைத்த உருப்படிகள்தான் வாசித்தேன், தக்ஸீம் பக்கம் போகவில்லை. போன வாரம் என் உஸ்தாத் (சிரியாவில் அலெப்போக்காரர், ஊத் பழுது பார்ப்பவர், பாடம் எடுப்பதில்லை என்று சொல்லிக்கொண்டே பாடம் எடுப்பவர்) ஒரு கேசட்டைக் கொடுத்தார். 1980களில் அலெப்போவில் ஒரு வீட்டுக் கூடத்தில் பதிந்ததாம். மேலே அரபியில் ‘ராஸ்த்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. வாசித்தது யார் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், பல் டாக்டர் என்றார்.

4 நிமிடம் 12 நொடி. நடுவில் தேநீர் கிளாஸ் சத்தம். 2:51-ல் யாரோ இருமுகிறார்கள். இதைத்தான் எடுக்கப் போகிறேன். எடுக்க எடுக்க இங்கேயே கீழே எழுதி வருகிறேன். தப்பாக எழுதியதை அழிக்க மாட்டேன், அடுத்த குறிப்பில் திருத்திக்கொள்ளலாம்.

அக்டோபர் 7

ஊத் என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், ஒருவர் “ஊதுற வாத்தியமா?” என்றார், இதை ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன். ஊதுவது இல்லை, மீட்டுவது. பேரிக்காயைப் பாதியாக அறுத்த மாதிரி குடம், குட்டைக் கழுத்து, பின்னால் மடங்கின தலை, வீணையில் விரல் வைக்க இருக்கிற மெட்டு மாதிரி எதுவும் கிடையாது. இரட்டை இரட்டையாக ஐந்து ஜோடித் தந்தி, அதோடு கீழே ஒற்றையாக ஒன்று, ஆக பதினொன்று. அரபியில் அந்தச் சொல்லுக்கு மரம், கட்டை என்று பொருள். வளைகுடாவில் அகில் கட்டையும் ஊத்தான், அதனால் இங்கே ஊத் கடை எங்கே என்று விசாரித்தால் வாசனைத் திரவியக் கடையில் கொண்டுபோய் விடுவார்கள். எனக்கு நடந்தது. வெறுங்கையோடு வர மனசில்லாமல் ஒரு சின்ன டப்பா தூபம் வாங்கி வந்தேன்.

தக்ஸீம் என்பது தனி ஆளாக, தாளம் இல்லாமல், ஒரு மகாமை (அரபு இசையின் ராகம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கேசட்டில் எழுதியிருந்த ராஸ்த் அப்படி ஒன்று) விரித்துக்கொண்டே போவது. கீழே ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, நடுவில் வேறு மகாம் ஒன்றிரண்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்குத் திரும்புவது. ஆலாபனை மாதிரி என்பது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அக்டோபர் 9

கேசட்டைக் கணினியில் ஏற்றிவிட்டேன். தந்தி கட்டுவது முதல் வேலை. இங்கே வழக்கமான அரபுக் கட்டு, நம் கணக்கில் சொன்னால் கீழிருந்து மேலே ச, ம, த, ரி, ப, ச. பதிவில் ஆதார சுரம் என் ரி தந்தியோடு ஒட்டுகிறது. சரி, ஆள் ரி தந்தியைத் திறந்துவிட்டு அதையே ஆதாரமாக வைத்து வாசிக்கிறார் போல. முதல் இரண்டு வரி அப்படியே பிடித்துவிட்டேன், ஒரே ராத்திரியில். ஒரு மாதமே அதிகம் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 18

மேலே எழுதியது தப்பு. ஒன்பது நாள் வீண்.

ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கை இடக்காக வளைகிற இடங்களில் அவர் வழுக்கிக்கொண்டு போகிறார். நான் திறந்த தந்தி மீட்டுகிற இடங்களில் அவருடைய ஒலி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டு எந்த சுரம் நீளமாக ரீங்கரிக்கிறது என்று மட்டும் கேட்டேன். ஆதார சுரம் ரீங்கரிக்கவே இல்லை, அதற்கு அடுத்த சுரம் ரீங்கரிக்கிறது! விரல் வைத்து அழுத்திய தந்தியின் ஒலி சட்டென்று சுருங்கும், திறந்த தந்தி நின்று பேசும், போதாததற்கு ஜோடித் தந்தி இரண்டும் மயிரிழை விலகி இருந்தால் அலை அலையாகக் கேட்கும். அதாவது அவருக்கு ஆதாரம் விரலுக்கு அடியில் இருக்கிறது, ரியும் பவும் மேல் சவும் திறந்தவை. ராஸ்த்துக்கு இதுதான் இயல்பான வீடு: த தந்தியில் மோதிர விரல் வைத்தால் ச. பதிவு மொத்தமும் ஒரு முழு சுரம் மேலே நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். நான் வீட்டையே மாற்றிக் குடியேறிவிட்டேன்.

காதால் எடுக்கிறவர்கள் முதலில் சுரத்தைத் தேடாதீர்கள். எது திறந்த தந்தி என்று தேடுங்கள். கை எங்கே இருக்கிறது என்று அதுதான் சொல்லும்.

அக்டோபர் 19

பதிவுக்கு இணையாக என் ஊத்தை ஒரு சுரம் ஏற்றப் போனேன். மேல் ச தந்தி ஒன்று அறுந்து கன்னத்தில் அடித்தது. பதிவை இறக்குங்கள், தந்தியை ஏற்றாதீர்கள். மென்பொருளில் இரண்டு அரைச் சுரம் இறக்க ஒரு சொடுக்கு போதும், தந்தி விலை தனி.

நவம்பர் 1

நாலு நிமிடத்தைத் துண்டு போட்டேன். 31 வரிகள். வரிக்கு வரி இடைவெளி. இந்த இடைவெளிகளை முதலில் வெறும் மௌனம் என்று தள்ளிவிட்டுப் பயிற்சி செய்தேன், அதாவது வரியை வாசித்து, உடனே அடுத்த வரி. உஸ்தாத் கேட்டுவிட்டு “பஸ்ஸைப் பிடிக்கணுமா?” என்றார். (நாங்கள் பேசுவது அரபி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்த கிடங்கு பாஷை. இங்கே தமிழில் எழுதுகிறேன், அவர் இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் இல்லை.)

பிறகு ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தேன். ஒரு நொடிக்கும் குறைவாகச் சில, நாலு நொடி வரை சில. நீண்ட இடைவெளி எல்லாம் கஃப்லாவுக்குப் பிறகு வருகிறது. கஃப்லா என்றால் வரி முடிந்து கதவைச் சாத்துகிற அந்தச் சின்ன இறக்கம். அரபுக் கச்சேரியில் ரசிகர்கள் “அல்லாஹ்!” என்று மூச்சுவிடுவது பெரும்பாலும் அங்கேதான். இந்தக் கேசட்டிலும் மூன்று இடத்தில் யாரோ முனகுகிறார்கள். அப்போது அவர் வாசிக்கவில்லை, அவர்களை முனகவிடுகிறார். எனக்கு முனக ஆள் இல்லை, அதனால் காத்திருக்க ஒரு காரணம் கிடைப்பதில்லை.

நவம்பர் 8

வேகத்தைப் பாதியாக்கிக் கேட்டதில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. ஆறாவது வரியில் ஒவ்வொரு மீட்டலுக்கும் முன்னால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒரு குட்டி மீட்டல் வைக்கிறார். சாதாரண வேகத்தில் காதுக்கே தெரியாது. நம்முடைய ஸ்புரிதம் மாதிரி ஒன்று. அலெப்போ பாணியின் ரகசியம் இதுவாக இருக்கலாம். இரண்டு நாளாக இதையே சாதகம் செய்கிறேன், விரல் வீங்கிவிட்டது.

நவம்பர் 9

அலெப்போ பாணியும் இல்லை, ரகசியமும் இல்லை. சந்தேகம் வந்து, மகள் மேசையில் பென்சிலால் தட்டுவதைப் பதிந்து அதே மென்பொருளில் பாதி வேகமாக்கினேன். பென்சிலும் ஸ்புரிதம் வைக்கிறது. சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் இழுக்கும்போது மீட்டலின் முதல் அடியை மென்பொருள் இரண்டு தடவை ஒட்டிவிடுகிறது. நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு யாராவது விரலை வீங்க வைத்துக்கொண்டிருந்தால் மன்னிக்கவும்.

இப்போது முக்கால் வேகத்துக்குக் கீழே போவதில்லை. முக்கால் வேகத்தில் கேட்பதையும் குறைத்துக்கொண்டு வருகிறேன். நாலு நொடி வரியை முழு வேகத்தில் முப்பது தடவை சுற்றவிட்டு, கூடவே வாயால் பாடி, வாய் தப்பாமல் வந்த பிறகுதான் ஊத்தைத் தொடுகிறேன். இதை உஸ்தாத் முதல் நாளே சொன்னார், அப்போது வயசானவர்கள் சொல்வது மாதிரி இருந்தது.

நவம்பர் 23

காந்தாரம். இதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ராஸ்த்தில் ச, ரி, ம, ப, த எல்லாம் நமக்குத் தெரிந்தவை, சதுச்ருதி ரிஷபம், சுத்த மத்தியமம், சதுச்ருதி தைவதம். காந்தாரமும் நிஷாதமும் (க, நி) மட்டும் நம்முடைய தாழ்ந்த வகைக்கும் உயர்ந்த வகைக்கும் நடுவே. சாதாரண காந்தாரமும் இல்லை, அந்தர காந்தாரமும் இல்லை. அம்மாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். கேட்டுவிட்டு, “ஏண்டா, சங்கராபரணமா கரகரப்ரியாவான்னு முடிவு பண்ணாமலேயே வாசிக்கிறாரே” என்றாள். (சங்கராபரணத்தில் க, நி இரண்டும் உயர்ந்த வகை, கரகரப்ரியாவில் தாழ்ந்த வகை.) இதைவிடத் துல்லியமாக ராஸ்த்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை. இறங்கும்போது நிஷாதத்தை மட்டும் சில வரிகளில் கைசிகி நிஷாதமாகவே இறக்கிவிடுகிறார், அதைச் சொன்னதும், “பரவாயில்லையே, பாதி முடிவு பண்ணிட்டார்” என்றாள்.

சிக்கல் என்னவென்றால் நம் காது இந்தச் சுரத்தைக் கேட்டதும் பக்கத்தில் இருக்கிற தெரிந்த சுரத்தின் மேல் கொண்டுபோய் உட்கார்த்திவிடும். காது விட்டாலும் விரல் விடாது. நான் அந்தக் காந்தாரத்தைத் தொட்டதும் விரல் தானாகவே அசைய ஆரம்பிக்கிறது, சின்ன வயதில் தோடியில் கம்பிதம் போட்ட பழக்கம். உஸ்தாத் ரொம்ப அக்கறையாகக் கேட்டார், “அதுக்குக் குளிருதா?”

அசைக்காமல் நிறுத்தினால் அநாதையாக நிற்கிறது. அசைத்தால் வேறு ஊர்.

நவம்பர் 25

ஹிஜாஸ்கார் என்ற மகாமை எடுத்திருந்தால் சிரமமே இருந்திருக்காதே, அது மாயாமாளவகௌளை ஆயிற்றே என்று ஒருவர். சுர வரிசை அதுதான், ஒப்புக்கொள்கிறேன். நிக்ரிஸ் என்றால் ஹேமவதி, நவா அஸர் என்றால் சிம்மேந்திரமத்யமம், இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம், நானும் ஒரு காலத்தில் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தப் பட்டியல் என்னை ஆறு மாதம் கெடுத்தது. நம் 72 மேளத்தில் (தாய் ராகங்களில்) இடமில்லாத ராஸ்த், பயாத்தி போன்ற மகாம்கள்தான் அங்கே தினப்படிச் சோறு, பட்டியலில் அடங்குவதோடு நிறுத்திக்கொண்டால் விருந்துக்குப் போய் அப்பளம் மட்டும் சாப்பிட்டு வந்த கதை.

டிசம்பர் 5

ட்யூனர் ஆப் வைத்து ஒழுங்காக அளந்துவிடுவது என்று முடிவு. ஒரு ஸ்தாயி 1200 சென்ட் (சுருதியை அளக்கிற அலகு). சாதாரண காந்தாரம் 300, அந்தர காந்தாரம் 400, நடுவே சரியாக 350. கால் சுரம் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான், ஸ்தாயிக்கு 24 சம பங்கு. (வீணையிலும் 24 மெட்டு, ஆனால் அது இரண்டு ஸ்தாயிக்கு. சும்மா சொல்லி வைத்தேன்.) 350-ல் விரலை வைத்து, வீணைக்கு மெட்டுப் பதித்த மாதிரி மூன்று நாள் பழகி உஸ்தாதிடம் வாசித்தேன்.

“கெய்ரோ போயிட்டே” என்றார். “திரும்பி வா.”

ராஸ்த்தின் மூன்றாவது சுரம் எகிப்தில் ஓர் உயரம், சிரியாவில் கொஞ்சம் மேலே, துருக்கியில் இன்னும் மேலே. துருக்கியக் கணக்கில் ஸ்தாயியை 53 கோமாவாகப் பிரிக்கிறார்கள், இந்தச் சுரம் அங்கே 17-வது கோமா, அதாவது கிட்டத்தட்ட 385 சென்ட், அந்தர காந்தாரத்தின் வாசலில் நிற்கிறது. அலெப்போ எகிப்துக்கும் துருக்கிக்கும் இடையில். தெற்கே ஐதராபாத்தும் வடக்கே லக்னோவும் உருதுவை உச்சரிப்பது மாதிரி என்று நான் ஒப்பிட்டேன், அவருக்குப் புரியவில்லை.

1932-ல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு நடந்தபோதே இந்த 24 சம பங்குக் கணக்கு பெரிய சண்டை. பார்ட்டோக், ஹிண்டமித் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்கள்கூட வந்து உட்கார்ந்து கேட்ட மாநாடு அது. எழுதுவதற்கு 24 வசதி, வாசிக்கிறவர்களின் காது அதில் அடங்கவில்லை. நான் 90 வருடம் தாமதமாக வந்து ஆப் வைத்துக்கொண்டு அதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன்.

டிசம்பர் 7

இப்போது ஒரு புகார். 1:40-லிருந்து 2:10 வரை கேசட் கெட்டிருக்கிறது. அந்த அரை நிமிடத்தில் காந்தாரம் இறங்கியிருக்கிறது. 0:20-ல் பிடித்த காந்தாரத்துக்கும் இதற்கும் சுமார் 20 சென்ட் வித்தியாசம், மற்ற சுரமெல்லாம் அப்படியே. நாடா தளர்ந்து ஓடியிருக்க வேண்டும். என் ஊத்தின் தந்தி நீளம் சுமார் 61 செ.மீ., அந்த இடத்தில் 20 சென்ட் என்றால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல், அரை விரல் அகலம். சின்ன விஷயம் இல்லை. அந்தப் பகுதியில் சுருதியைக் கையால் ஏற்றிச் சரி செய்துவிட்டேன்.

டிசம்பர் 8

“நாடா தளர்ந்தால் எல்லா சுரமும்தானே சேர்ந்து இறங்கும்? காந்தாரம் மட்டும் எப்படி இறங்கும்?” என்று கேட்ட அந்தப் புண்ணியவானுக்கு நன்றி. பத்தாம் வகுப்பு பௌதிகம். ராத்திரி தூக்கம் போயிற்று.

டிசம்பர் 14

உஸ்தாதிடம் கொண்டுபோனேன். நான் ‘சரி செய்த’ பகுதியைப் போட்டேன். முகத்தைச் சுளித்தார், கெட்ட பால் குடித்த மாதிரி. பிறகு அசலைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

நடந்தது இது. 1:40-ல் அவர் ராஸ்த்திலேயே இல்லை. ரியை வீடாக்கிக்கொண்டு பயாத்திக்குப் போய்விட்டார். பயாத்தியில் அதே காந்தாரம் இரண்டாவது சுரம் ஆகிறது, ராஸ்த்தில் மூன்றாவது. பெயர் ஒன்று, தாளில் எழுதினால் குறியும் ஒன்று, ஆனால் வீடு மாறினதும் அதன் உயரம் மாறுகிறது. பயாத்தியில் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் அந்த ஏக்கம் வரும். 2:10-ல் திரும்ப ராஸ்த்துக்கு வரும்போது விரலை அந்த ஆறு மில்லிமீட்டர் முன்னே தள்ளுகிறார். வேறு எதையும் மாற்றவில்லை. கூடத்தில் முனகல் கேட்கிறது. என்னுடைய திருத்தத்தில் அந்த முனகலுக்குக் காரணமே இல்லாமல் போயிருந்தது. கேசட்டைக் குறை சொல்லி நான் அழித்தது அந்த நாலு நிமிடத்தின் மிக நல்ல இடத்தை.

நமக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. ஒவ்வொரு ராகத்திலும் ஒரே சுரம் வேறு உயரத்தில் நிற்கிறது என்று அம்மா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். மெட்டு இல்லாத வாத்தியத்தில் அதை விரலே செய்தாக வேண்டும் என்று வந்தபோது நான் ஆப்பை நம்பினேன்.

டிசம்பர் 28

குளிர் காலம், பகலில் ஜன்னல் திறந்திருக்கிறது, ராத்திரியில் ஏசி இல்லை, பிரடை (தந்தி முறுக்குகிற ஆணி) எல்லாம் நழுவுகிறது. சாக்பீஸ் பொடி போட்டேன். பத்து நாளில் ஒரு வரிகூட முன்னேறவில்லை. மகள்: “அப்பா, அந்த அங்கிள் இன்னும் முடிக்கலையா?”

ஜனவரி 11

இடது கை ஏறக்குறைய வந்துவிட்டது, 22 வரிகள். பதிந்து கேட்டால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது. சுரம் எல்லாம் சரி, ஒன்றும் நடக்கவில்லை.

வலது கையை நான் கேட்கவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஊத்தை மீட்டுவது ரீஷாவால். அரபியில் அதற்கு இறகு என்று பொருள், அந்தக் காலத்தில் கழுகு இறகுத் தண்டைச் சீவி வைத்தார்கள். என்னுடையது கடையில் வாங்கிய பிளாஸ்டிக். அது தடிப்பு, சத்தம் ‘டக்’ என்று விழுகிறது. கிடங்கில் பெட்டி கட்டுகிற கேபிள் டையை ஒரு சாண் வெட்டி, நுனியை மணல் தாளில் தேய்த்து வைத்துப் பார்த்தேன். இதைப் பலரும் செய்கிறார்கள், என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, நவம்பருக்குப் பிறகு நான் கண்டுபிடிப்புகளை அறிவிப்பதில்லை. ஒலி பாதி மாறிவிட்டது.

மீதிப் பாதி திசை. மேலிருந்து கீழே அடிப்பதற்குக் கனம் உண்டு, கீழிருந்து மேலே வருவது மெலிசு. பதிவில் கனம் எங்கே விழுகிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், வரி எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிகிறது. டாக்டர் மேல் ஸ்தாயியில் ஒரு சொல் சொல்லிவிட்டு, கீழே தடித்த தந்தியில் அதற்கு ‘ஊம்’ கொட்டுகிறார். ஜவாப், கரார் என்பார்கள், மேலும் கீழும். அந்த ‘ஊம்’களை எல்லாம் அலங்காரம் என்று விட்டுவிட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். கதை கேட்கிறவர் ‘ஊம்’ கொட்டாவிட்டால் கதை சொல்கிறவர் எத்தனை நேரம் தாங்குவார்?

ஜனவரி 13

ஏன் ஒரு பல் டாக்டரைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், பெரிய வித்வான்களின் பதிவு எத்தனை இருக்கிறது என்று இரண்டு பேர். நியாயமான கேள்வி. பார்க்காமல் இல்லை. ஃபரீத் அல் அத்ராஷின் மேடைப் பதிவுகளில் ஜனக்கூட்டம் போடுகிற கூச்சலில் பாதி தந்தி கேட்காது, கேட்கிற பாதியில் திடீரென்று ஸ்பானியர் அல்பெனிஸின் பியானோ துண்டு ஒன்று ஊத்தில் ஓடும், கேட்க ஆனந்தம், காப்பியடிக்க என் விரல் போதாது. முனீர் பஷீர் (1930–1997) வேறு பரம்பரை, 1936-ல் பக்தாதில் தொடங்கிய இசைக் கழகத்தில் ஷெரீஃப் முஹித்தீனிடம் படித்த வரிசை, அவருடைய மௌனங்களைக் காப்பியடித்தால் வீட்டில் தூங்கிவிட்டேன் என்று நினைப்பார்கள். ரியாத் அல் சுன்பாத்தியைக் கேட்கும்போதெல்லாம் இதுதான் நான் எடுக்க வேண்டியது என்று நினைப்பேன், அடுத்த நிமிடம் இது என் வயசுக்கு இல்லை என்று வைத்துவிடுவேன்.

டாக்டர் சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து வாசிக்கிறார். ஒரு இடத்தில் தப்பு விரல் வைத்து, வைத்ததையே இன்னொரு தடவை வைத்து, வேண்டுமென்றே செய்தது மாதிரி ஆக்கிவிடுகிறார் (1:12, கேட்டால் சிரிப்பு வரும்). அதை எடுக்க முடிகிறது.

பிப்ரவரி 2

2:51. இருமல்.

27-வது வரி, உச்சிக்கு ஏறி மேல் சவைத் தாண்டிப் போகிற இடம். சரியாக அங்கே ஒரு மனிதர் நெஞ்சைப் பிளந்து இருமுகிறார். அடியில் ஒரு சுரம், அல்லது இரண்டு, புதைந்து கிடக்கிறது. இரைச்சலைக் குறைத்தேன், கீழ் அலைகளை வெட்டினேன், இருமல் மெலிந்து தும்மல் ஆகிறது, சுரம் வரவில்லை. முன்னால் மேல் ரி, பின்னால் மேல் ச. நடுவில் என்ன? உஸ்தாதைக் கேட்டால் இருமியது அவருடைய மாமாவாம், நல்ல மனிதராம், அரை மணி நேரம் மாமாவைப் பற்றிப் பேசிவிட்டுச் சுரத்தைப் பற்றிச் சொல்லாமலே அனுப்பினார்.

தற்காலிகமாக அந்த இடத்தைக் காலியாக விட்டு வாசிக்கிறேன். அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதுகிற மகள் தினமும் சரியாக அந்த இடம் வந்ததும் இருமுகிறாள். நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஒரு நாள்கூடத் தப்பவில்லை. தக்ஸீமை முழுசாகக் காதால் எடுத்தவர் வீட்டில் ஒருவர் இருக்கிறார், அது நான் இல்லை.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட வீணைக்காரர் எழுதியிருந்தார்: நாலு மாதத்தில் ஒரு நிமிடம் 20 நொடி வந்திருக்கிறதாம், நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். ஒரு நிமிடம் 20 நொடி நல்ல வேகம். காந்தாரம் குளிரில் நடுங்குகிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

நேற்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று கேட்காதீர்கள், மறுபக்கம் காலி என்று உஸ்தாத் சொல்லியிருந்தார். காலி இல்லை. அதே கூடம், அதே டாக்டர், மறுபடி ராஸ்த். ஆரம்பமே வேறு, நேராக ப-விலிருந்து எடுக்கிறார், பயாத்திப் பக்கம் போகவே இல்லை, ப-வில் ஹிஜாஸ் மகாமைத் தொட்டு சூஸ்நாக் (அந்தக் கலவைக்குப் பெயர்) ஆக்கிக் கொண்டுவருகிறார். என் 31 வரிகளில் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் கஃப்லா வருகிறபோதெல்லாம் எனக்கு அரை நொடி முன்னாலேயே தெரிகிறது, விரல் தானாக மடங்குகிறது. ஆறு தடவையும் தெரிந்தது.

இந்தப் பக்கத்திலும் மாமா இருமுகிறார், மூன்று இடத்தில்.

மார்ச் 1

4:12 முழுசும் வாசித்தேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டில். கடைசி நாலு வரி கொஞ்சம் ஓடிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது, மகள் இருமவில்லை. அடுத்த அறையில்தான் இருந்தாள். ஏன் இருமலை என்று கேட்டேன்.

“நீங்க அந்த இடத்துக்குப் போகவே இல்லையேப்பா. பக்கத்து வழியா போயிட்டீங்க.”

பதியவில்லை. எந்த வழி என்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்.